அக்கா தங்கைகள் சேர்ந்து போக எந்த ஏரிக்கரை? கொடைக்கானல், தேக்கடி, குமரகம்

அக்கா தங்கைகள் சேர்ந்து மூன்று நாள் எங்காவது போய் இருந்துவிட்டு வரலாம் என்று முடிவெடுத்தால், பார்க்க வேண்டிய இடங்கள் அதிகமுள்ள ஊரை முதலில் தள்ளிவைக்க வேண்டும் என்பது என் கட்சி. ஒன்பது மணிக்கு வேன், பத்து மணிக்கு அருவி, பதினொன்றுக்குப் பூங்கா என்று ஓடினால் அது இன்னொரு குடும்பச் சுற்றுலாவாகிவிடும். யாருக்குப் பசிக்கிறது, யார் மாத்திரை போடவில்லை, யாருடைய செருப்பைக் காணவில்லை என்று பார்க்கிற வேலை வழக்கம்போல மூத்தவள் தலையில் விழும். சகோதரிகளுக்கு வேண்டியது உட்கார்ந்து பேச ஒரு திண்ணை, எதிரே கொஞ்சம் தண்ணீர், வேளாவேளைக்கு வேறு யாரோ சமைத்துப் போடும் சாப்பாடு, உடம்பு வலிக்கு ஒரு நல்ல எண்ணெய்த் தேய்ப்பு. இவ்வளவுதான். ஆனால் இந்த நான்கும் ஒரே இடத்தில் ஒழுங்காகக் கிடைப்பது அரிது.

நாங்கள் நால்வர். பெரியக்கா திருநெல்வேலியில் இருக்கிறாள். அறுபதைத் தாண்டியவள், முழங்கால் வலி உண்டு. சின்னக்கா சென்னையில், தலையில் ஈரம் கோத்தால் தலைவலி பிடித்துக்கொள்ளும். தங்கை கோவையில் வேலைக்குப் போகிறவள். அவளுக்கு விடுப்பு கிடைப்பதே பெரும்பாடு. நான் மதுரையில் இருக்கிறேன். அம்மா இருந்தவரை தாய்வீடு என்று ஒன்று இருந்தது. கோடை விடுமுறைக்குக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு எல்லோரும் அங்கே போய் விழுவோம். அம்மா போன பிறகு நாங்கள் கூடுவது கல்யாண வீட்டிலும் காரிய வீட்டிலும்தான். அங்கே ஒருத்தி பந்தியைக் கவனிப்பாள், ஒருத்தி வருகிறவர்களை வரவேற்பாள், ஒருத்தி அடுக்களையில் நிற்பாள். விடைபெறும்போதுதான் முகத்தைப் பார்த்துப் பேசவே நேரம் கிடைக்கும். அதனால் இந்தப் பயணத்தை எங்கே போவது என்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. மூன்று ஊர்களை எடுத்துக்கொண்டு, எங்கள் நால்வரையும் மனதில் வைத்துத் தட்டிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டுச் சகோதரிகள் வேறு மாதிரி இருந்தால் முடிவும் மாறலாம்.

சில இடங்களை ஆரம்பத்திலேயே விட்டுவிட்டேன். ஊட்டி ஏரி 1824இல் ஜான் சல்லிவன் உருவாக்கியது, வரலாறு உண்டு. ஆனால் இன்று அந்தக் கரை திருவிழாத் திடல்போல இரைகிறது. ஊட்டியின் நல்ல பழைய விடுதிகள் ஏரியிலிருந்து விலகித்தான் இருக்கின்றன. ஏற்காடு ஒரு நாள் போய்வரச் சரி. உதயப்பூரில் பிச்சோலா ஏரியின் நடுவே 18ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ஜகத்சிங் கட்டிய வெள்ளை மாளிகை 1963 முதல் ஹோட்டலாக இருக்கிறது, பார்த்தால் மயங்கிப்போவோம். ஆனால் நால்வரும் அங்கே போய்ச் சேர்வதற்கே விடுப்பில் பாதி போய்விடும், வாடகையோ கையைச் சுடும். ஆக மிஞ்சியவை கொடைக்கானல், தேக்கடி, குமரகம்.

கொடைக்கானலை எடுத்த எடுப்பில் எல்லோரும் சொல்வார்கள், காரணமும் இருக்கிறது. அந்த ஏரி மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் நீரோடையை மறித்துக் கரை கட்டி உண்டாக்கியது. ஏறக்குறைய 60 ஏக்கர். நட்சத்திரம்போலக் கிளை கிளையாகப் பிரிந்த வடிவம். சுற்றிவரும் சாலை ஏறக்குறைய 5 கி.மீ. மலை ஊரில் ஏற்ற இறக்கம் இல்லாமல் இவ்வளவு தூரம் நடக்கக் கிடைப்பது பெரிய வரம். முழங்கால் வலிக்காரருக்கும் இது பொருந்தும்; பாதியில் களைத்தால் அங்கேயே உட்கார்ந்துவிடலாம். காலை ஆறரை மணிக்கு, குதிரைக்காரர்களும் வாடகை சைக்கிள்களும் வந்து சேர்வதற்கு முன்னால், தண்ணீர்மேல் பனிப்புகை இழைந்துகொண்டிருக்கும் நேரத்தில் நடந்தால் கொடைக்கானல் இன்னும் அழகான ஊர்தான். பத்து மணிக்குமேல் அதே சாலையில் ஹாரன் சத்தத்துக்கு நடுவே பேச முடியாது.

ஏரியைப் பார்த்தபடி நிற்கும் கார்ல்டன் விடுதியின் பெயரும் தோற்றமும் ஆங்கிலேயர் காலத்தைச் சொல்லும். பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் ஏரி முழுதும் நம்முடையதுபோல் இருக்கும். பக்கத்திலேயே 1890இல் தொடங்கிய படகு கிளப். கொஞ்சம் நடந்தால் பிரையண்ட் பூங்கா. சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை. இட்லி, தோசை, தயிர்சாதம் என்று எது கேட்டாலும் கிடைக்கும். மொழிப் பிரச்சினை இல்லை. மதுரையிலிருந்து ஏறக்குறைய 120 கி.மீ.தான், காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு ஏரிக்கரையில் இருக்கலாம். இரண்டு இரவு மட்டுமே கைவசம் இருக்கிறது, எல்லோரும் மதுரை, திண்டுக்கல், திருச்சிப் பக்கம் இருக்கிறார்கள், யாருக்கும் பெரிய உடம்புக் கோளாறு இல்லை என்றால் மேற்கொண்டு யோசிக்காமல் கொடைக்கானலுக்கே போகலாம்.

எங்களுக்கு அது ஒத்துவராததற்கு முதற்காரணம் குளிர். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 7,000 அடி உயரம். மார்கழி, தை இரவுகளில் நடுக்கும் குளிர். கோடையிலும் மாலையானால் சால்வை வேண்டும். முழங்கால் தேய்மானம் உள்ளவருக்கு அந்தக் குளிரில் காலையில் எழுந்து முதல் பத்து அடி எடுத்துவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று பெரியக்காவைப் பார்த்து எனக்குத் தெரியும். விடுதியில் மசாஜ் இருக்கிறதுதான். ஆனால் எண்ணெய் தேய்த்த உடம்புடன் வெதுவெதுப்பில் ஒரு மணி நேரம் கிடப்பதில்தான் பாதிப் பலன். கொடைக்கானலின் காற்று அதற்குத் தோதானதல்ல. அந்த ஊர் கொடுக்கும் வைத்தியம் நடையும் பசியும் தூக்கமும்தான். இன்னொன்று கூட்டம். 2024 மே மாதத்திலிருந்து சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் வாரநாட்களில் 4,000 வண்டிகள், வாரக் கடைசியில் 6,000 என்று உச்சவரம்பே வைக்கும்படி ஆனது. வரம்பு வைக்கிற அளவுக்கு மலை திணறுகிறது என்றால், ஏப்ரல் முதல் ஜூன் வரை அங்கே அமைதியைத் தேடிப் போவதில் பொருளில்லை. போனால் ஜூலைக்குமேல், வாரநாட்களில் போக வேண்டும். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு அங்கே தடை இருக்கிறது; ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துப்போவது நல்லது.

தேக்கடியைப் பற்றி எழுதும்போது நான் நடுநிலையாக இருக்க முடியாது. எங்கள் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் தருகிற ஏரி அது. பென்னிகுக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895இல் நிறைவடைந்தபோது, தேங்கிய தண்ணீர் காட்டுக்குள் புகுந்து உண்டானதுதான் பெரியாறு ஏரி. அரபிக் கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பித் தேனி, மதுரை, இராமநாதபுரம் வரை போகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். ஜனவரி 15, அவர் பிறந்த நாளில், பொங்கல் வைக்கிறார்கள். தேக்கடியை ஒட்டிய எல்லை ஊரான குமுளிக்கு மலையேறும் முன் லோயர் கேம்பில் அவருக்கு ஒரு மணிமண்டபம் இருக்கிறது. அந்த வழியாகப் போகிற எவரும் ஐந்து நிமிடம் இறங்கிப் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

அந்த ஏரியில் என்னை உலுக்குவது நீருக்குமேல் நிற்கும் பட்டமரங்கள். அணை நிரம்பியபோது மூழ்கிய காட்டின் மரங்கள் அவை. நூற்றாண்டைத் தாண்டியும் கறுத்த தண்டுகள் அப்படியே குத்திட்டு நிற்கின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்து வெயிலில் காயவைத்துக்கொண்டிருக்கும். படகு கிட்டே போனாலும் அது நகராது.

அந்த ஏரிக்கரையில், புலிகள் காப்பகத்தின் உள்ளேயே, திருவிதாங்கூர் மன்னரின் கோடை மாளிகை இருக்கிறது. இப்போது கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அதை லேக் பேலஸ் என்ற பெயரில் விடுதியாக நடத்துகிறது. ஆறே அறைகள். சாலை கிடையாது, படகில்தான் போக வேண்டும். 1934இல் திருவிதாங்கூர் அரசு ஏரியைச் சுற்றியுள்ள காட்டைச் சரணாலயமாக அறிவித்தது. 1978இல் புலிகள் காப்பகமானது. மாலையில் சுற்றுலாப் படகுகள் எல்லாம் கரையேறிய பிறகு அந்த வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் காட்டுக்கும் நடுவே வேறு மனிதர் இல்லை. எதிர்க்கரையில் யானைக் கூட்டம் தண்ணீர் குடிக்க வந்தால் குட்டியைப் பெரியவை நடுவில் விட்டு நிற்பதைக்கூட இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். பழமை, ஏரி, அமைதி மூன்றிலும் இதற்கு இணையாக நம் பக்கத்தில் வேறு இடம் எனக்குத் தெரியாது. மற்ற இரண்டு ஊர்களிலும் அமைதிக்குக் காசு கொடுக்க வேண்டும். இங்கே அது தானாகவே இருக்கிறது.

இருந்தும் நான்கு சகோதரிகளின் முதல் பயணத்துக்கு இதைச் சொல்ல மாட்டேன். எண்ணெய்த் தேய்ப்பு வேண்டுமென்றால் குமுளிக்குத் திரும்ப வேண்டும். அங்கே கடைத்தெருவில் வரிசையாக ஆயுர்வேத மசாஜ் பலகைகள் தொங்குகின்றன, தரம் ஆளுக்கு ஆள் மாறும். ராத்திரி யாருக்காவது நெஞ்சு படபடத்தால் மருத்துவரிடம் போக நடுவே ஓர் ஏரி இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவரைக் கூட்டிப்போகும்போது இதை யோசிக்காமல் இருக்க முடியாது. விடுதி வளாகத்தைத் தாண்டி நம்பாட்டுக்கு நடக்கவும் முடியாது, காடு அது. அறைகள் ஆறுதான் என்பதால் நால்வரின் விடுப்பும் அறையும் ஒன்றாக அமைவது கடினம். கோடை முற்றி நீர்மட்டம் இறங்கிவிட்டால் செம்மண் கரைதான் கண்ணுக்குத் தெரியும், ஏரி பின்வாங்கியிருக்கும். கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும், தை முதல் வாரம் வரையிலும் சபரிமலை பக்தர்களின் வண்டிகளால் குமுளிச் சாலை நிறைந்திருக்கும்.

படகைப் பற்றி ஒரு வார்த்தை. 2009 செப்டம்பர் 30 அன்று இந்த ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். தமிழகத்திலிருந்து போனவர்களும் அதில் உண்டு. விலங்கைப் பார்த்ததும் எல்லோரும் ஒரே பக்கமாக எழுந்து ஓடக் கூடாது. கொடுக்கிற உயிர்காப்பு மேலாடையைப் புழுக்கமாக இருக்கிறது என்று கழற்றிவைக்கக் கூடாது.

இரண்டே சகோதரிகள், காடு பிடிக்கும், அதிகம் பேசாமலே சேர்ந்திருக்கத் தெரிந்தவர்கள் என்றால் தேக்கடிதான். என் தங்கையும் நானும் தனியாகப் போகும் நாள் வந்தால் அங்கேதான் போவோம்.

குமரகம் மலை அல்ல, காடும் அல்ல. வேம்பநாட்டு ஏரியின் கிழக்குக் கரையில், கோட்டயத்திலிருந்து ஏறக்குறைய 15 கி.மீ. தூரத்தில், தண்ணீருக்கும் வயலுக்கும் நடுவே கிடக்கும் சமதரை. ஏரி ஏறக்குறைய 96 கி.மீ. நீளம், இந்தியாவின் மிக நீளமான ஏரி. பம்பை, மீனச்சில், மணிமலை, அச்சன்கோவில், மூவாற்றுப்புழை என்று மலையிலிருந்து வரும் ஆறுகள் எல்லாம் இதில் விழுகின்றன. 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. எதிர்க்கரை பல இடங்களில் கண்ணுக்குத் தெரியாது. கொடைக்கானல் ஏரியை ஓவியம்போலப் பார்க்கலாம். வேம்பநாட்டைப் பார்த்தால் கடலோரம் உட்கார்ந்த நினைப்பு வரும், ஆனால் அலை இரைச்சல் இல்லை. பேச்சுக்கு இதைவிட நல்ல பின்னணி கிடையாது.

இங்கே பழமை இரண்டு வகையாகக் கிடைக்கிறது. ஒன்று, இருந்த இடத்திலேயே இருக்கும் பழமை. 19ஆம் நூற்றாண்டில் பேக்கர் என்ற ஆங்கிலேயக் குடும்பம் இங்கே சதுப்பை மேடாக்கித் தென்னையும் நெல்லும் வைத்துக் குடியேறியது. அவர்கள் 1881இல் கட்டிய பங்களாதான் இன்று தாஜ் விடுதியின் நடுநாயகம். சுற்றிவரும் அகலமான வராந்தா, உயர்ந்த கூரை, மரத் தூண்கள். பக்கத்தில் இருக்கும் பறவைகள் சரணாலயமும் அந்தத் தோட்டத்தின் பகுதியாக இருந்ததுதான். இரண்டாவது, இடம் பெயர்த்து வைத்த பழமை. கேரளத்தின் பல ஊர்களில் பாகம் பிரித்து, பராமரிக்க ஆளில்லாமல் நின்ற பழைய மரவீடுகளை விலைக்கு வாங்கி, பலகை பலகையாகக் கழற்றி, இங்கே கொண்டுவந்து மறுபடி பூட்டியிருக்கிறார்கள். கோகனட் லகூன், குமரகம் லேக் ரிசார்ட் என்ற விடுதிகள் இரண்டும் இந்த வகை. பழைய தச்சர்கள் ஆணியை நம்பாமல் மரத்துக்குள் மரத்தைச் செருகிப் பூட்டியதால்தான் வீடுகளை இப்படிக் கழற்றி மாட்ட முடிந்தது. வேறிடத்து வீட்டை இங்கே கொண்டுவந்து வைத்தால் அது வரலாறா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வீடுகள் விறகுக் கடைக்கும் பழைய மரக் கடைக்கும் போயிருக்க வேண்டியவை. கதவும் நிலையும் இன்னும் கதவாகவும் நிலையாகவுமே இருக்கின்றன என்பது எனக்குப் போதும். குமரகம் லேக் ரிசார்ட்டில் ஆயுர்வேத சிகிச்சை நடப்பதே இப்படிப் பெயர்த்து வைத்த ஒரு பழைய நம்பூதிரி இல்லத்தில்தான்.

இந்த மூன்று விடுதிகளில் என் விருப்பம் கோகனட் லகூன். படகில்தான் உள்ளே போக முடியும் என்பதால் வளாகத்தில் வண்டிச் சத்தமே கிடையாது. வாய்க்கால்களும் சின்னப் பாலங்களும் வீடுகளுக்கு நடுவே ஓடுகின்றன. அழிந்துபோகும் நிலையிலிருந்து மீட்கப்பட்ட வெச்சூர் பசுக்களை அங்கே மேய விட்டிருக்கிறார்கள். இடுப்புயரம்கூட இல்லாத பசு. பெரியக்கா வீட்டில் மாடு வளர்த்தவள், அவள் அதைவிட்டு நகர மாட்டாள். இரண்டு விஷயங்களில் மட்டும் கவனம் வேண்டும். பழைய வீடுகளின் நிலைப்படி உயரம், நிலையின் மேற்கட்டை தாழ்வு. ராத்திரி விளக்கில்லாமல் எழுந்தால் காலும் இடிபடும் தலையும் இடிபடும். சில குடில்களில் குளியலறை வானம் பார்த்தபடி இருக்கும். மழையில் தரை வழுக்கும். முழங்கால் சரியில்லாதவருக்குக் கூரை போட்ட குளியலறை உள்ள அறை வேண்டும் என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும்.

எண்ணெய்த் தேய்ப்பில் குமரகத்தோடு மற்ற இரண்டும் போட்டி போட முடியாது. அங்கே முதலில் வைத்தியர் நாடி பார்த்து, என்ன மருந்து சாப்பிடுகிறோம் என்று கேட்டுவிட்டுத்தான் எந்த எண்ணெய் என்று எழுதுவார். பெண்களுக்குப் பெண்களே தேய்த்துவிடுவார்கள். ஒரே மரத்தில் குடைந்த, எண்ணெய் வழிந்தோட விளிம்பு வைத்த கட்டிலில் படுக்கவைத்து, இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று ஒரே தாளத்தில் தோளிலிருந்து கால்வரை நீவுவார்கள். கையின் சூடு ஆறும் முன் அடுத்த கை எண்ணெய் விழும். முடிந்ததும் சிறுபயறு மாவு தேய்த்து வெந்நீர்க் குளியல். தலை துவட்டிய பிறகு உச்சியில் ஒரு சிட்டிகை ராஸ்னாதிப் பொடியை வைத்து அழுத்தித் தேய்ப்பார்கள், நீர் கோக்காமல் இருக்க. சின்னக்காவுக்கு அந்த ஒரு சிட்டிகைக்காகவே குமரகத்தைச் சொல்வேன். நெற்றியில் எண்ணெய்த் தாரை விழும் சிரோதாரை அவளுக்கு வேண்டாம் என்று வைத்தியர் சொன்னால் வற்புறுத்தக் கூடாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மூன்று நாளில் நடப்பது இளைப்பாறல், சிகிச்சை அல்ல. முழங்கால் தேய்மானம் மூன்று தேய்ப்பில் சரியாகாது. முறையான ஆயுர்வேத சிகிச்சைக்கு ஒன்றிரண்டு வாரமாவது பத்தியத்தோடு தங்க வேண்டும். மூன்று நாளில் பஞ்சகர்மா என்னும் உடல் சுத்திகரிப்புச் சிகிச்சையைச் செய்து தருகிறோம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கேரளச் சுற்றுலாத் துறையின் தரச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். சாப்பிட்டவுடன் தேய்ப்பு கூடாது. காய்ச்சல் இருந்தால் கூடாது. மாதவிலக்கு நாட்களில் பெரும்பாலும் செய்ய மாட்டார்கள், எனவே இளையவர்கள் தேதியைப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும்.

சாப்பாட்டில் எல்லோரும் ஒரே மனதாக இருக்க மாட்டார்கள். வாழையிலையில் பொதிந்து சுட்ட கரிமீன் பொள்ளிச்சது, குடம்புளி போட்ட மீன்கறி, ஆப்பம் இவற்றுக்காகவே நானும் தங்கையும் போவோம். பெரியக்கா வெள்ளி, செவ்வாயில் அசைவம் தொட மாட்டாள். தேங்காயெண்ணெய் வாசமும் மட்டையரிசிச் சோறும் அவளுக்கு இரண்டாம் நாளே சலித்துவிடும். பெரிய விடுதிகளில் சொன்னால் பச்சரிசிச் சோறும் ரசமும் வைத்துத் தருவார்கள். முன்கூட்டிச் சொல்ல வேண்டும், அவ்வளவே.

குறையும் இருக்கிறது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை குட்டநாட்டு நெல்வயல்களுக்குள் உப்புநீர் ஏறாமல் இருக்கத் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் மதகுகளை மூடிவைப்பார்கள். அப்போது தண்ணீர் ஓட்டமில்லாமல் தேங்கும். ஆகாயத்தாமரை படர்ந்து வாய்க்கால்களை அடைக்கும். அந்தியில் கொசு மொய்க்கும். வெளிநாட்டுப் பயணிகள் வருகிற அதே மாதங்களில்தான் வாடகையும் உச்சத்தில் இருக்கும். மூன்று ஊர்களில் செலவு அதிகம் இங்கேதான்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. அது நம் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. நமக்கு ஆடி மாதம் வருகிற அதே நாட்கள்தான் மலையாளத்தில் கர்க்கடகம். அவர்களுக்கு அது மழைமாதம், மருந்துக் கஞ்சி குடித்து எண்ணெய் தேய்த்து உடம்பைப் பேணுகிற மாதம். காற்றில் ஈரம் நிறைந்து வெக்கை தணிந்திருப்பதால் தேய்ப்புக்கு ஏற்ற காலம் இதுவே என்பது அவர்கள் மரபு. நமக்கோ ஆடியில் கல்யாணம் கிடையாது, கிரகப்பிரவேசம் கிடையாது. நால்வரின் நாட்காட்டியும் ஒரே நேரத்தில் காலியாக இருக்கும் மாதம் வருடத்தில் இது ஒன்றுதான். பயணிகள் குறைவதால் வாடகையும் இறங்கும். சரணாலயத்தில் உள்ளூர்க் கொக்கும் நீர்க்காகமும் கூடுகட்டிக் குஞ்சு பொரித்திருக்கும் காலமும் இதுவே. மழை கொட்டும்தான். வெளியே சுற்றப் போகிறவர்களுக்கு அது இடைஞ்சல். வராந்தாவில் உட்கார்ந்து பேசப் போகிறவர்களுக்கு, ஓட்டுக்கூரையிலிருந்து சரம் சரமாக இறங்கும் மழை ஓர் ஒத்தாசை. யாரும் எங்கேயாவது கிளம்பலாமா என்று கேட்க மாட்டார்கள். ஆனால் 2018 ஆகஸ்டில் இந்தப் பகுதி முழுவதும் வெள்ளத்தில் மூழ்கியதை மறக்கக் கூடாது. கிளம்பும் வாரத்தில் வானிலை எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு, சிவப்பு எச்சரிக்கை என்றால் தயங்காமல் தள்ளிப்போட வேண்டும். தேதி மாற்ற இடம் கொடுக்கிற கட்டணத்தில்தான் அறை எடுக்க வேண்டும். நேரு கோப்பைப் படகுப் போட்டி நடக்கும் வாரத்தை விலக்கிவிடுங்கள். எதிர்க்கரை ஆலப்புழையில் கூடும் கூட்டம் இந்தப் பக்கமும் வாடகையை ஏற்றிவிடும்.

எங்கள் முடிவு, ஆடி இரண்டாம் வாரம், குமரகம், மூன்று இரவு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறைகள். ஒரே அறையில் நால்வரும் படுக்கலாம் என்று தங்கை ஆசைப்பட்டாள்; ஆனால் ஒருத்தி பத்து மணிக்குத் தூங்குவாள், ஒருத்தி இரண்டு மணிவரை பேசுவாள், ஒருத்தி குறட்டை விடுவாள். தூங்குகிறவர்களுக்கு ஓர் அறை, பேசுகிறவர்களுக்கு ஓர் அறை, நடுவே வராந்தா. முதல் நாள் தேய்ப்பு வேண்டாம். பயணக் களைப்பு தீரட்டும். இரண்டாம், மூன்றாம் நாள் காலையில் தேய்ப்பு, பிற்பகலில் தூக்கம். மழை விட்டால் ஒரு மணி நேரம் படகு. மாலை முழுதும் பேச்சு. வேறெதையும் திட்டத்தில் சேர்க்கவில்லை. பெரியக்கா, “அடுப்பைப் பற்றி யாரும் பேச்செடுக்கக் கூடாது, அது ஒன்றுதான் என் நிபந்தனை” என்று சொல்லிவிட்டாள்.

செலவைப் பங்கிடுவதை முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். சகோதரிகளின் கைவசதி ஒன்றுபோல இருப்பதில்லை. வாழ்க்கைப்பட்ட வீடு எப்படியோ அப்படி. சமமாகப் பிரித்தால் ஒருத்தி வாயைத் திறக்காமல் கடன் வாங்குவாள், அல்லது ஏதாவது சாக்குச் சொல்லி வராமலே இருந்துவிடுவாள். எங்களில் வசதியுள்ளவர்கள் அறை வாடகையை ஏற்றுக்கொள்கிறோம். மற்றவர்கள் டிக்கெட்டும் வழிச் செலவும். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று அங்கே போன பிறகு ஒரு சொல் எழக் கூடாது.

போய்ச் சேர்வது எங்கள் நால்வருக்கும் வசதிதான். சென்னையிலிருந்து இரவு கிளம்பும் திருவனந்தபுரம் மெயில் கோட்டயம் வழியாகக் காலையில் போகிறது. தூத்துக்குடியிலிருந்து வரும் பாலருவி எக்ஸ்பிரஸ் திருநெல்வேலி, தென்காசி, புனலூர் வழியாக இரவெல்லாம் ஓடிக் காலையில் கோட்டயத்தில் விடும். கோவையிலிருந்தும் நேரடி ரயில்கள் உண்டு. மதுரையிலிருந்து நான் கம்பம், குமுளி, பீர்மேடு வழியாகக் காரில் போகிறேன். ஏறக்குறைய 260 கி.மீ., மலைப்பாதையில் ஏழு மணி நேரமாவது ஆகும், லோயர் கேம்பில் இறங்கிப் போகலாம். மலைப்பாதையில் வாந்தி வருகிறவர்கள் இந்த வழியைத் தவிர்க்கவும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. ஆடி இரண்டாம் வாரத்துக்கு வைகாசி இரண்டாம் வாரமே உட்கார்ந்துவிட வேண்டும். 45 வயதைத் தாண்டிய பெண்களுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு தனியாக உண்டு. பெரியக்காவுக்கும் சின்னக்காவுக்கும் அந்த ஒதுக்கீட்டிலேயே தனித்தனியாக டிக்கெட் எடுக்கப் போகிறேன்.